என் டிப்ஸை நம்பிய அப்பா... மூச்சுத் திணறிய தங்கமீன்!

'மீன் தொட்டி பராமரிப்பு: 5 ஈஸி டிப்ஸ்!' - போன வருஷம் நான் எழுதிய கட்டுரை. எழுதும்போது எங்கள் வீட்டில் மீனே கிடையாது. நாலு இடத்தில் படித்ததைச் சேர்த்து, மதியச் சாப்பாட்டுக்கு முன்பு முடித்துக் கொடுத்தேன். அதில் 3-வது டிப்ஸ்: 'வாரம் ஒருமுறை தண்ணீரை முழுவதும் மாற்றி, ஃபில்டர் ஸ்பாஞ்சையும் கற்களையும் குழாயடியில் நன்றாகக் கழுவுங்கள்.'

அதை அப்படியே நம்பிய வாசகர் ஒருவர் எங்கள் வீட்டிலேயே இருந்தார். அப்பா.

ரிட்டயர்டு ஆனபிறகு பொழுது போகாமல், கொளத்தூர் போய் 2 அடி தொட்டியும் இரண்டு தங்கமீன்களும் வாங்கி வந்தார். லட்டு, பூந்தி என்று பெயரும் வைத்தார். இரண்டு மாதம் எந்தப் பிரச்னையும் இல்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கட்டுரையைத் தேடிப் படித்து, எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி, குழாய்த் தண்ணீரை நிரப்பிவிட்டார். தொட்டி பளபளவென்று இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை இரண்டு மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. செவுள் சிவந்திருந்தது. தீனியைத் தொடவே இல்லை.

"நீ எழுதினபடிதானேம்மா செஞ்சேன்?" அப்பா குறையாகச் சொல்லவில்லை, சந்தேகமாகத்தான் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

மருந்து கேட்டு மீன் கடைக்கு ஓடினேன். "மருந்து இருக்கட்டும், தொட்டித் தண்ணி கொண்டாந்தியா?" என்றார் கடைக்கார அண்ணன். திரும்பப் போய் ஒரு பாட்டிலில் பிடித்து வந்தேன். சின்னக் குழாயில் ஊற்றி, கிட்டில் இருந்த சொட்டுகளை விட்டார். மஞ்சளாக இருக்க வேண்டியது பச்சையானது. அமோனியா!

மீனின் கழிவிலிருந்தும் செவுளிலிருந்தும் அமோனியா வந்துகொண்டே இருக்கும். ஸ்பாஞ்சிலும் கல்லிலும் வாழும் நல்ல பாக்டீரியாக்கள்தான் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் இவை பெருகவே 4 முதல் 6 வாரம் ஆகும். அழுக்கு என்று நினைத்து நாங்கள் கழுவிக் கொட்டியது அவற்றைத்தான். மிச்சம் இருந்ததைக் குழாய்த் தண்ணீரின் குளோரின் பார்த்துக்கொண்டது.

அண்ணன் சொன்ன வைத்தியம் எளிமையானது. தினமும் கால்வாசித் தண்ணீரை மட்டும் மாற்ற வேண்டும். புதுத் தண்ணீரில் ஆன்டி குளோரின் சொட்டு கலந்தே ஊற்ற வேண்டும். இரண்டு நாள் தீனி கூடாது. ஏர் பம்ப் ராத்திரி பகலாக ஓட வேண்டும். நான் ஆசையாகப் பார்த்த நீல மருந்தை அவர் தரவே இல்லை. அது மெத்திலீன் ப்ளூ. தொட்டியில் ஊற்றினால் நல்ல பாக்டீரியாக்களையும் கெடுத்துவிடுமாம்.

மூன்றாம் நாள் காலை பூந்தி மிதந்தது. அப்பா ஒன்றும் பேசாமல் செம்பருத்திச் செடிக்கு அடியில் குழி தோண்டினார். அன்றைக்கும் மறக்காமல் கால்வாசித் தண்ணீரை மாற்றினார். ஆறாம் நாள், லட்டு கீழே இறங்கிக் கல்லைக் கொத்த ஆரம்பித்தது. கிட் மஞ்சளுக்குத் திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

இப்போது வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர்தான் மாற்றுகிறோம். ஸ்பாஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாகப் பிழிந்து அலசுகிறோம். இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவுதான் தீனி.

ஆபீஸில் சீனியரிடம் விஷயத்தைச் சொல்லி, அந்த 3-வது டிப்ஸைத் திருத்தினேன். முன்பு தவறாக இருந்தது என்று மேலேயே ஒரு வரியும் சேர்த்தோம். அதை நம்பி இன்னும் எத்தனை பேர் தொட்டியைக் கழுவினார்களோ!

அப்பா இப்போதும் நான் எழுதும் எல்லாவற்றையும் படிக்கிறார். படிப்பதற்கு முன்பு ஒரு கேள்வி மட்டும் கேட்கிறார்.

"இது நீ செஞ்சு பார்த்ததாம்மா?"