கையொப்பத்துக்கு முன்னர்

அழகு என்னும் சொல் எமது சமுதாயத்திலே விசித்திரமானதொரு வாழ்வைப் பெற்றிருக்கின்றது. பணமுள்ளோர் அதனை விலைகொடுத்து வாங்கினால் அது நாகரிகம். இல்லாதோர் அதனை விரும்பினால் அது வீண் ஆசை. மூக்கை நிமிர்த்தவும் வயிற்றைக் குறைக்கவும் தனியார் மருத்துவ நிலையங்கள் விளம்பரஞ் செய்கின்றன. அவற்றைக் கண்டு எவரும் முகஞ் சுழிப்பதில்லை. ஆனால், அரசாங்க வைத்தியசாலையின் நீண்ட வரிசையிலே நின்ற ஒருவர், 'எனது முகத்திலுள்ள தழும்பைச் சற்றுத் திருத்தித் தாருங்கள்' என்று கேட்டாரானால், அருகில் நிற்போர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வர். உயிருக்கு ஆபத்தில்லையே, பிறகேன் இந்த வேலை என்பதே அப்பார்வையின் பொருள்.

அப்பார்வையை நாம் அறிவோம். வருகின்ற செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு, அரச வைத்தியசாலை ஒன்றிலே, சத்திரசிகிச்சைக்கு முந்திய பரிசோதனைக்கு நாம் செல்லவேண்டும். அதற்கான ஆயத்தங்களின் நடுவே எழுந்த சில எண்ணங்கள் எம்மோடு மட்டும் முடிந்துவிடுபவை அல்ல என்று கருதியே இங்கு எழுதுகின்றோம்.

எமது கதை தனிக்கதையும் அன்று. 1990 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்றாயிற்று. சில துளி எண்ணெயைக் கொண்டு ஓரிரவைக் கழிக்கும் வித்தையை அக்காலத்து வீடுகள் யாவும் கற்றுக்கொண்டன. 1995 ஒக்ரோபரில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது எமக்கு வயது ஐந்து. தென்மராட்சியிலே நாங்கள் ஒதுங்கியிருந்த கொட்டிலில் ஒரு குப்பி விளக்கு இருந்தது. வெற்று மருந்துப் போத்தலின் மூடியைத் துளைத்துத் திரி செருகிய விளக்கு. உயரமானது, இலேசானது, காற்றோ பூனையோ பட்டாற் சரிவது. அது ஓரிரவு சரிந்தது. சிந்திய எண்ணெயும் அதைத் தொடர்ந்த தீயும் எமது இடது கன்னத்தின் கீழ்ப்புறத்தையும் கழுத்தையும் பற்றின.

உயிர் பிழைத்தோம். ஆயினும், ஆழமான எரிகாயம் ஆறுகையில் தோல் சுருங்குகின்றது. குழந்தை வளர, தழும்பு அவ்வளவுக்கு வளர்வதில்லை. நாளடைவில் அது கயிறுபோலத் தடித்துத் தலையைக் கீழ்நோக்கி இழுக்கின்றது. கரும்பலகையின் மேல்வரியில் எழுதுவதற்கு நாம் நிமிரமுடியாது. பக்கத்து வாங்கிலிருந்து மாணவன் கேள்வி கேட்டால், தலையை மட்டுந் திருப்ப முடியாமல் முழு உடம்பையுந் திருப்புகின்றோம். இது கழுத்தின் கதை. கன்னத்தின் கதை வேறு. ஒவ்வோராண்டும் புதிய வகுப்பு எம்மை ஒரு வாரம் வரை உற்றுப்பார்க்கின்றது, பின்னர் மறந்துவிடுகின்றது. வளர்ந்தோர் மறப்பதில்லை. பெண்பார்க்க வந்தோர் மறக்கவில்லை. பரிசளிப்பு விழாப் புகைப்படத்திலே எம்மை எப்பக்கம் நிறுத்துவதென்று தயங்கும் புகைப்படக்காரரும் மறப்பதில்லை.

இத்தனை ஆண்டுகள் ஏன் பொறுத்தீர்கள் என்று கேட்போருண்டு. முதலிற் போர், பின்னர் படிப்பு, அதன் பின்னர் தம்பிமாரின் படிப்பு, அதன் பின்னர் அம்மாவின் நோய். எமது குடும்பங்களின் வரவுசெலவுத் திட்டத்திலே, மூத்த பெண்ணின் உடம்பு கடைசி வரியிலேதான் இடம்பெறுகின்றது.

முதன்முறை பரிசோதித்த சத்திரசிகிச்சை நிபுணர் இரண்டு காரியங்களைச் செய்யலாமென்றார். கழுத்துத் தழும்பை விடுவித்துத் தொடைத்தோலை ஒட்டுவது ஒன்று. கன்னத் தழும்பைத் திருத்துவது மற்றொன்று. அருகிலிருந்த இளம் வைத்தியர் எமது அட்டையிலே முதலாவதற்கு எதிரே 'அவசியம்' என்றும் இரண்டாவதற்கு எதிரே 'அழகு நோக்கம்' என்றும் ஆங்கிலத்தில் எழுதினார். எமது முகத்துக்கும் கழுத்துக்கும் இடையே ஓர் எல்லைக்கோடு விழுந்தது.

அக்கோடு ஆசிரியர் அறைக்கும் வந்து சேர்ந்தது. தொழிற்சங்கத்திலே எம்மோடு உழைக்கும் நண்பர் ஒருவர், எம்மீது மெய்யான அன்புடையவர், ஒருநாள் சொன்னார்: "ரீச்சர், கழுத்துக்குச் செய்யிறது சரி. கன்னத்துக்கும் ஏன்? அந்த நேரத்தில ஒரு ஏழையின்ர காயத்தை டொக்டர் பாக்கலாமெல்லோ?"

இக்கேள்வியை அலட்சியஞ் செய்தல் ஆகாது. கழுத்தை முன்னே நிறுத்தி அதன் பின்னே கன்னத்தை மறைத்துவிடுவது எமக்கு எளிது. ஆனால் அது உண்மையாகாது. கன்னத்தையுந் திருத்த நாம் விரும்புகின்றோம். அதைச் சொல்வதற்கு எமக்கு வெட்கமில்லை. முகம் மனிதன் மனிதனோடு கூடிவாழ்வதற்கு வாய்த்த கருவி. அதற்கு நேர்ந்த ஊனத்தைத் தேவையென்றும் ஆசையென்றும் கத்தியாற் பிரித்துவிட முடியாது.

இச்சிகிச்சையின் வரலாறே இதற்குச் சான்று. 'பிளாஸ்டிக்' என்ற அடைமொழி நாம் எறியும் பைகளைக் குறிப்பதன்று; உருவமைத்தல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. மைசூர்ப் போரின்போது ஆங்கிலப் படையில் மாட்டுவண்டி ஓட்டிய கோவாஸ்ஜி என்பவரின் மூக்குத் துண்டிக்கப்பட்டது. நெற்றித் தோலை இறக்கி அவருக்கு நம்மவர் மூக்கமைத்த முறையை 1794 இலே இலண்டன் சஞ்சிகையொன்று படத்தோடு வெளியிட்டது. அதைச் செய்தவர் செங்கல் சுடும் சாதியைச் சேர்ந்தவர் என்று அச்செய்தி கூறிற்று. அதனைப் படித்த இலண்டன் வைத்தியர் ஜோசப் கார்ப்பியூ, இருபது ஆண்டுகள் கழித்து, 1814 இலே தாமும் அவ்வாறு செய்தார். மூக்கில்லாமலும் அவ்வண்டிக்காரர் மூச்சுவிட்டிருப்பார், வண்டியோட்டியிருப்பார். ஆனால் சந்தையிலே நடக்க அவருக்கு மூக்கு வேண்டியிருந்தது.

முதலாம் உலகப் போரிலே முகஞ் சிதைந்த சிப்பாய்களுக்காக, ஹரோல்ட் கில்லீஸ் என்னும் வைத்தியரின் முயற்சியால், 1917 இலே இங்கிலாந்தின் சிட்கப் நகரில் ஒரு வைத்தியசாலை திறக்கப்பட்டது. அங்கிருந்து நகருக்குச் செல்லும் வழியிலே சில வாங்குகளுக்கு நீல நிறம் பூசியிருந்தார்களாம். அவற்றிலே அமர்ந்திருப்போரின் முகம் அதிர்ச்சி தருமென்று ஊராருக்கு முன்கூட்டியே அறிவித்தற்காக. நாட்டுக்காக முகத்தைக் கொடுத்தவனுக்கு நாடு கொடுத்த ஆசனம் அது. அவர்களுக்குச் செய்த சிகிச்சையை வீண் ஆடம்பரமென்று எவர் சொல்வார்? எமது வாங்குகளுக்கு எவரும் நிறம் பூசுவதில்லை. ஆனால் பேருந்திலே எமது இடப்பக்கத்து இருக்கை கடைசியாகத்தான் நிரம்புகின்றது.

நண்பருக்கு நாம் கூறிய விடை இதுதான். அவசரத்தின்படி வரிசை அமைவது நியாயம். புதிதாக எரிகாயமுற்ற குழந்தையொன்று வந்து, அதற்காக எமது தேதி தள்ளிப்போனால், ஒரு சொல்லும் முணுமுணுக்காமல் திரும்பிவருவோம். ஆனால், வரிசையிலே பின்னால் நிற்பது வேறு. வரிசைக்கு வெளியே நிற்பது வேறு. ஏழையின் காயத்தையும் ஆசிரியையின் தழும்பையும் ஒன்றோடொன்று மோதவிடாமல், இரண்டுக்கும் போதிய வைத்தியரையும் கட்டில்களையும் கேட்பதன்றோ தொழிற்சங்கத்தின் வேலை?

இனி ஆயத்தத்துக்கு வருவோம். எமது அயலிலே ஓய்வுபெற்ற தாதி ஒருவர் வசிக்கின்றார். கொப்பியொன்றை எடுத்துக்கொண்டு அவரிடம் மாணவியாய்ச் சென்றோம். அவர் முதலிற் சொன்னது இது: "பிள்ளை, அங்க கேக்கிற ஒண்டையும் ஒளிக்காதை. மருந்தெண்டால் இங்கிலீசு மருந்து மட்டுமில்லை. நாட்டு மருந்து, லேகியம், எல்லாத்தையும் எழுதிக்கொண்டு போ." இரத்தம் உறைதலைத் தடுக்கும் அஸ்பிரின் போன்ற மருந்துகளையும், அவ்வியல்புடைய சில மூலிகைகளையும் வைத்தியர் அறிந்திருத்தல் வேண்டும். முன்னர் மயக்க மருந்து பெற்றதுண்டா, எம்மருந்தேனும் ஒவ்வாததுண்டா, குடும்பத்தில் எவருக்கேனும் மயக்க மருந்தினால் ஆபத்து நேர்ந்ததுண்டா, ஆடும் பல்லுண்டா என்பனவற்றுக்கும் விடை எழுதிக்கொண்டோம். புகைப்போர் பல வாரங்களுக்கு முன்பே அதனை நிறுத்தவேண்டும். புகையிலை நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் ஒட்டிய தோல் உயிர்பிடிக்காமற் போகலாம்.

உண்ணாதிருத்தல் பற்றி எமது ஊரில் நிலவும் கருத்துக்கள் பல. முதல்நாள் முழுவதும் பட்டினி கிடப்போருமுண்டு. 'ஒரு வாய் தேத்தண்ணிதானே' என்று காலையில் குடித்துவிட்டுச் செல்வோருமுண்டு. பொதுவான விதி, உணவுக்கு ஆறு மணித்தியாலம், தெளிந்த நீருக்கு இரண்டு மணித்தியாலம் என்பதாகும். "பால்தேத்தண்ணி சாப்பாட்டுக் கணக்கு, வெறுந்தேத்தண்ணி தண்ணிக் கணக்கு" என்று தாதியார் அதனைச் சுருக்கினார். மயக்கத்திலே இரைப்பையிலுள்ளது மேலெழுந்து நுரையீரலினுள் இறங்கிவிடலாம் என்பதே காரணம். காரணத்தைச் சொன்னால் பாமரனும் விதியைக் காப்பான். காரணம் சொல்லாத விதி சடங்காகிவிடுகின்றது. நகைகளைக் கழற்றச் சொல்வதும் அவ்வாறே. இரத்தக் கசிவை நிறுத்தப் பயன்படும் மின்கருவியினால், உலோகம் தொடுமிடத்தில் தோல் எரியக்கூடும். அது தெரியாமல், தாலியைக் கழற்றச் சொன்னவுடன் அபசகுனமென்று அழுத பெண்கள் பலரைத் தாம் கண்டதாக அவர் கூறினார்.

எமக்கு மிக முக்கியமான பரிசோதனை மயக்கமருந்து நிபுணருடையது. அவர் வாயைத் திறக்கச் சொல்வார். தலையைப் பின்னே சாய்க்கச் சொல்வார். மயக்கத்திலே மூச்சுக்குழாயினுள் ஒரு குழாயைச் செலுத்துவதற்குத் தலை பின்னே சாயவேண்டும். எமது தலை சாயாது. அதனைச் சாயவைப்பதற்கே இச்சத்திரசிகிச்சை! திருத்தவேண்டிய ஊனமே திருத்தத்துக்குத் தடையாய் நிற்கும் இந்நிலையில், நோயாளி விழித்திருக்கும்போதே, ஒளிக்கருவி பொருத்திய மெல்லிய குழாயை மூக்கின் வழியே செலுத்தும் முறையும் உண்டென்று அறிந்தோம். அது எமக்கு வேண்டியதாயின், அன்று காலையில் மேசைமீது கிடக்கையில் அன்றி, இப்போதே அதனை அறிய விரும்புகின்றோம்.

ஆகவே எமது கொப்பியின் ஒரு பக்கத்திலே அவர்கள் கேட்கவிருப்பனவற்றுக்கு விடைகளும், எதிர்ப்பக்கத்திலே நாம் கேட்கவிருக்கும் வினாக்களும் உள்ளன. சத்திரசிகிச்சையைச் செய்பவர் யார்? ஒட்டிய தோல் மீண்டுஞ் சுருங்காதிருக்க எத்தனை மாதம் கழுத்துப்பட்டி அணியவேண்டும்? அதனை அணிந்துகொண்டு வகுப்பெடுக்கலாமா? எமது தோல் தடித்து வளரும் இயல்புடையதாயின், கன்னத்தின் புதிய தழும்பு பழையதிலும் மோசமாகுமா? தழும்பில்லாத அறுவை உலகில் இல்லை. ஒரு தழும்பைக் கொடுத்து அதனினும் மெல்லியதொன்றை வாங்குவதே இவ்வாணிகம். நட்டம் வருமா என்று கேட்பதற்கு உரிமையுண்டு. விடை சாதகமாயில்லையெனின், கன்னத்தை அப்படியே விட்டுவிடவும் சித்தமாயிருக்கின்றோம். அம்முடிவு எம்முடையதாயிருக்கவேண்டும், அட்டையிலே விழுந்த கோட்டினுடையதாயிருத்தல் கூடாது.

இவ்வினாக்கள் யாவும் ஒரு கையொப்பத்திலே சென்று முடிகின்றன. சம்மதப் பத்திரம் நோயாளியைப் பாதுகாக்க எழுந்தது. ஆயினும் எமது அனுபவத்திலே, அது தாதி ஒருவர் விரலாற் சுட்டிக்காட்டும் ஓரிடத்திலே பெயரை எழுதும் வினையாகச் சுருங்கியிருக்கின்றது. அம்மாவின் சிகிச்சைக்காக நாம் கையொப்பமிட்ட பத்திரத்தில் ஒருவரிதானும் தமிழில்லை. பட்டம் பெற்ற எமக்கே அது புரியவில்லையெனின், அன்று பக்கத்திலே பெருவிரல் பதித்த கிழவருக்கு என்ன புரிந்திருக்கும்?

மருத்துவத்துக்குத் தமிழ் போதாதென்று கூறுவோர் மானிப்பாயை மறந்தவர். 19 ஆம் நூற்றாண்டிலே அங்கு பணிபுரிந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். சத்திரசிகிச்சை நூலொன்றை 'இரண வைத்தியம்' என்ற பெயரிலே தமிழாக்கினார். அன்று ஒரு நூலுக்கு முடிந்தது, இன்று ஒரு பத்திரத்துக்கு முடியாதா?

மற்றொரு வைத்தியரையும் இங்கு நினைக்கவேண்டும். குப்பி விளக்கினால் எரிந்து வந்தோருக்குச் சிகிச்சை செய்துவந்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, 1992 இலே எளிய விளக்கொன்றை அமைத்தார். குட்டையானது, கனமான கண்ணாடியாலானது, உருளாதிருக்க இருபுறமுந் தட்டையானது, திருகுமூடி உடையது. 'சுதீபா' என்பது அதன் பெயர். 1998 இலே அதற்காக அவருக்குச் சர்வதேச விருது ஒன்றுங் கிடைத்தது. காயத்துக்கு மருந்திட்ட கை காரணத்தையுந் தேடிச்சென்றது. அவ்விளக்கு எமது கொட்டிலுக்கு வந்துசேரவில்லை. வந்திருந்தால் செவ்வாய்க்கிழமை எமக்கு வைத்தியசாலையில் வேலையில்லை.

அவ்வழியிலே ஆசிரியரும் மாணவரும் செய்யக்கூடியதொன்றுண்டு. பாடசாலைத் தமிழ் மன்றங்கள் ஆண்டுதோறும் விழா எடுக்கின்றன, பட்டிமன்றம் நடத்துகின்றன. அவை அயலிலுள்ள வைத்தியசாலையை அணுகி, வைத்தியரின் துணையோடும் ஒப்புதலோடும், நோயாளர்க்கான அறிவித்தல்களையும் சம்மதப் பத்திரங்களையும் காரணங்களோடு தெளிந்த தமிழில் எழுதிக்கொடுக்கலாம். எமது பத்தாம் வகுப்பு மாணவர் சிலர் இப்போதே ஆயத்தமாயிருக்கின்றனர். உண்ணாதிருத்தல் பற்றிய முதலாவது துண்டுப்பிரசுரத்தை எழுதி முடித்துவிட்டனர். 'வெறுந்தேநீர்' என்று எழுதுவதா, 'வெறுந்தேத்தண்ணி' என்று எழுதுவதா என்பதே அவர்களிடையே இன்னும் தீராத விவாதம். வரிசையில் நிற்பவருக்கு எது விளங்குமோ அதை எழுதுங்கள் என்று கூறியிருக்கின்றோம்.