குடிகாட்டு வாசலுக்கு வரவேண்டிய பரிசோதனை

கடலூர் சிப்காட் ஆலைகளை ஒட்டியே இருக்கிறது எங்கள் குடிகாடு. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை நான் மனதார வரவேற்கிறேன். ஊழியர்கள் வீடு தேடி வருவதால், திண்ணையில் உட்கார்ந்தபடியே கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்துக்கொள்ளலாம்; சர்க்கரை மாத்திரையும் கைக்கு வந்துவிடும். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் உண்டு. ஒரு நாள் கூலியை இழந்து ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். இந்தத் திட்டத்துக்கு 2024-ல் ஐ.நா. விருதும் கிடைத்தது.

ஆனால் எல்லா ஊருக்கும் ஒரே திட்டம் போதாது. ஆலைப் புகையைச் சுவாசிக்கும் ஊருக்கு நுரையீரல் பரிசோதனையும் புற்றுநோய்ப் பரிசோதனையும் தவறாமல் வரவேண்டும். எங்களுக்கு என்ன தேவை என்பதை எங்களிடம் கேட்டுத் திட்டமிடுங்கள்.

அடுத்த கிராம சபையில் இந்தக் கோரிக்கையைத் தீர்மானமாகவே போடுவோம். ஊர்க்காரர்கள் எல்லோரும் அவசியம் வாங்க.