தாத்தாவின் கார்

தில்லைநகரில் நண்பர் வீட்டுக் கொட்டகையில் அவர் தாத்தாவின் ரோல்ஸ்ராய்ஸ் நிற்கிறது. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன் அந்தக் கம்பெனி அடிச்சட்டத்தையும் இஞ்சினையும் மட்டுமே விற்கும். மேல்கூட்டை வேறொருவர் கட்ட வேண்டும். 1840-ல் சென்னையில் தொடங்கிய சிம்ப்ஸன் கம்பெனி முதலில் குதிரை வண்டிகள் கட்டியது. பிறகு மோட்டாருக்கும் கூடு கட்டியது. பளபளக்கும் தகட்டுக்கு உள்ளே இருப்பது என்னவோ மரம்தான். நண்பரின் வண்டியில் அது செல்லரித்துவிட்டது.

மெக்கானிக் கையை விரித்துவிட்டார். ஸ்ரீரங்கத்திலிருந்து, தேர்வேலை பழகிய தச்சர் ஒருவரை அழைத்துப் போனேன். கதவுச் சட்டத்தை விரலால் தட்டித் தட்டிக் கேட்டார் அவர்.

"பாதிக்குமேல் மாத்தணுங்க."

நண்பர் முகம் வாடிவிட்டது. "அப்புறம் அது தாத்தா காராகவா இருக்கும்?"

தச்சர் சிரித்தார். "திருவாரூர் ஆழித்தேர் 1926-லே எரிஞ்சே போச்சு. மறுபடி செஞ்சாங்க. பின்னாலே இரும்புச் சக்கரம் போட்டது நம்ம திருச்சி பெல் தொழிற்சாலை. அதை வேறே தேருன்னு யாராவது சொல்றாங்களா? வடம் பிடிக்க ஆள் இருக்கிறவரைக்கும் அதே தேர்தாங்க."

நண்பர் பதில் பேசவில்லை. கதவுக்கு மேலே கெடாமலிருந்த ஒரு மரத்துண்டை மட்டும் காட்டி, "இதை விட்டுவிடுங்கள்" என்றார். தாத்தா ஏறும்போது கை ஊன்றுகிற இடமாம்.

தச்சர் தலையை ஆட்டிவிட்டு, சாக்கட்டியால் அதன்மேல் ஒரு குறி போட்டார்.