காலி சிலிண்டரும் ஒரு இன்சூரன்ஸ்காரரும்

பி.காம். படிக்கிறவனுக்கும் மொழி ஆராய்ச்சிக்கும் என்ன சம்பந்தம்னு நீங்க கேட்கலாம். இன்சூரன்ஸ் பேப்பருக்குப் படிக்கப் போய் மாட்டிக்கொண்ட கதை இது.

பெஞ்சமின் லீ வோர்ஃப் என்று ஓர் அமெரிக்கர். படித்தது கெமிக்கல் இன்ஜினியரிங். 1919-ல் ஹார்ட்ஃபோர்ட் தீ இன்சூரன்ஸ் கம்பெனியில் சேர்ந்தார். எங்கே, ஏன் தீப்பிடிக்கிறது என்று பார்ப்பது வேலை. பெட்ரோல் நிரம்பிய பீப்பாய் அருகே எல்லோரும் ஜாக்கிரதையாக இருக்கிறார்கள். 'காலி' பீப்பாய் அருகே தைரியமாக சிகரெட் பிடிக்கிறார்கள். ஆனால் உள்ளே தங்கியிருக்கும் ஆவிதான் அதிக ஆபத்து! 'காலி' என்ற சொல்லே ஆளை ஏமாற்றுகிறது என்றார் வோர்ஃப்.

இவருக்கு முன்பே இந்தத் துறைக்கு அஸ்திவாரம் போட்டவர் ஃபிரான்ஸ் போவாஸ். அமெரிக்கப் பழங்குடிகளின் மொழிகளை லத்தீன் இலக்கண அச்சில் திணிக்காதீர்கள், அந்தந்த மொழியை அதன் போக்கிலேயே பாருங்கள் என்று 1911-ல் எழுதினார். அவருடைய மாணவர் எட்வர்ட் சபீர். 1931-ல் சபீர் யேல் பல்கலைக்கழகத்துக்கு வந்ததும் வோர்ஃப் அவர் வகுப்பில் போய் உட்கார்ந்தார். இன்சூரன்ஸ் வேலையை மட்டும் விடவில்லை. 1941-ல், 44 வயதில் இறக்கும்வரை அதே கம்பெனிதான். (அப்பா, இதைக் கவனிக்கவும்!)

சபீரிடம் பயின்ற இன்னொருவர் எமனோ. 1935-ல் இந்தியாவுக்கு வந்து, நம்ம நீலகிரியில் தோடர், கோத்தர் மொழிகளைக் கேட்டுக் கேட்டு எழுதினார். பரோவுடன் சேர்ந்து 1961-ல் அவர் வெளியிட்டதுதான் திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதி.

வோர்ஃப் சொன்னதெல்லாம் சரியா? இல்லை. ஹோப்பி மொழியில் காலத்தைக் குறிக்கும் சொற்களே இல்லை என்றார். அதில் எக்கச்சக்கமாக இருப்பதை 1983-ல் மலோட்கி ஒரு தடிமனான புத்தகமே போட்டுக் காட்டிவிட்டார். மொழி நம் மூளைக்குப் பூட்டு போடுவதில்லை. ஆனால் லேசாகக் கையைப் பிடித்து இழுக்கிறது.

எப்படித் தெரியும் என்கிறீர்களா? எங்க பெரியப்பா டீக்கடை வைத்திருக்கிறார். "காலி சிலிண்டர்தானேடா" என்று அதன் மேலேயே உட்கார்ந்து பீடி பற்றவைப்பார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். வோர்ஃப் கதையைச் சொன்னேன். "காலேஜ்ல இதைத்தான் சொல்லித் தர்றாங்களா?" என்று சிரித்தார்.

ஒரு சாக்பீஸ் எடுத்து, சிலிண்டர் மேல் 'மிச்ச கேஸ் இருக்கு' என்று எழுதிவிட்டு வந்தேன். அடுத்த வாரம் போனால் சிலிண்டர் கடைக்கு வெளியே நிற்கிறது.

பெரியப்பா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.