இளஞ்சிவப்பு யாருடைய நிறம்?

பாலே நடனமணி கால்விரல் நுனியில் எழுந்து நிற்கும்போது காலணி கண்ணில் படக்கூடாது. கால் எங்கே முடிகிறது, காலணி எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பவருக்குப் புரியக்கூடாது. காலணி தைப்பவர்களின் சாமர்த்தியம் முழுவதும் இந்த மாயத்துக்குத்தான் செலவாகியிருக்கிறது.

ஆரம்பத்தில் இப்படி இல்லை. 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் ஓபராவில் பெண்கள் ஹீல்ஸ் வைத்த காலணியுடன்தான் ஆடினார்கள். துள்ளிக் குதிக்க வசதியாக ஹீல்ஸைக் கழற்றி எறிந்து, பாவாடையின் நீளத்தையும் குறைத்த துணிச்சல்காரி என்று மாரி கமார்கோவைச் சொல்வார்கள். 1832-ல் அதே பாரிஸில் 'லா சில்ஃபீட்' நாட்டிய நாடகத்தில் மாரி தாலியோனி விரல் நுனியில் மிதந்தார். அவர் அணிந்திருந்தது வெறும் சாட்டின் காலணி. நுனியிலும் பக்கங்களிலும் நூலால் நெருக்கித் தைத்திருந்ததுதான் பிடிமானம். மற்றதெல்லாம் அவருடைய கால் தசை.

பிறகு இத்தாலியர்கள் நுனியைக் கெட்டிப்படுத்தினார்கள். 1895-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 'ஸ்வான் லேக்' மேடையில் இத்தாலிய நடனமணி பியரினா லெக்னானி ஒற்றைக் காலில் 32 முறை சுழன்று ரஷ்யர்களை அசத்தினார்.

கெட்டியான அந்த நுனிக்குள் மரக்கட்டை இருப்பதாக நினைப்பவர்கள் உண்டு. இருப்பது சாக்குத் துணி, காகிதம், மாவுப் பசை. அவ்வளவுதான். காலணியை உள்பக்கம் வெளியே தெரியும்படி தைத்து, பசை தடவிய அடுக்குகளை விரல் பகுதியில் வைத்து, பிறகு திருப்பி, சுத்தியலால் தட்டி உருக்கொடுத்து, அடுப்பில் உலர்த்துகிறார்கள். லண்டனில் 1929-ல் தொடங்கிய ஃப்ரீட் நிறுவனத்தில் இன்றும் இது கைவேலைதான். வியர்வை பட்டால் பசை இளகும். பெரிய வேடம் என்றால் ஒரே இரவில் ஒரு ஜோடி தீர்ந்துவிடும்.

ஆனால் மாயத்தில் ஓர் ஓட்டை. சாட்டினின் நிறம் இளஞ்சிவப்பு. வெள்ளைக்காரப் பெண்ணின் காலோடுதான் அது கலந்து மறையும். கறுப்பினப் பெண் அணிந்தால், கால் கணுக்காலோடு வெட்டுப்பட்டது போலத் தெரியும். அதனால் அவர்கள் முகத்துக்குப் பூசும் மேக்கப்பை ஸ்பாஞ்சில் எடுத்துக் காலணி முழுக்கத் தடவிக் காயவைத்தார்கள். ஒரு ராத்திரி உழைக்கும் காலணிக்கு ஒவ்வொரு முறையும் இந்தப் பாடு!

நியூயார்க் சிட்டி பாலேயில் முன்னணிக்கு வந்த முதல் கறுப்பினக் கலைஞர் ஆர்தர் மிட்செல். அவர் 1969-ல் தொடங்கிய டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லெம், 1970-களிலேயே காலுறையையும் காலணியையும் அவரவர் தோல் நிறத்துக்கு மாற்றிக்கொண்டது. அதற்கும் சாயமும் மேக்கப்பும்தான். கடையில் வாங்க வழியில்லை.

லண்டனின் பாலே ப்ளாக் குழுவுடன் சேர்ந்து பழுப்பிலும் வெண்கல நிறத்திலும் ஃப்ரீட் காலணிகளைக் கொண்டுவந்தது 2018-ல். பசை, சாக்கு, சுத்தியல் எல்லாம் பழையபடியே. மாறியது மேல்துணி மட்டும். அந்த நிறம் பொருந்துகிற பெண்ணுக்கு இனி, மற்ற நடனமணிகளைப் போலவே, ரிப்பன் தைக்கும் வேலைதான் மிச்சம்.