பதநீரில் மிதக்கும் கண்ணாடிக் குழல்

கோடை தொடங்கியதும் வடபழனியில் ஆற்காடு சாலையோரம் நுங்குக் குலைகளோடு விற்பனைக்கு வரும் பதநீர், சுண்ணாம்பின் காவல் உள்ள வரைதான் பதநீர். அக்காவல் தளர்ந்தால் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றிச் சில மணி நேரத்தில் அதைக் கள்ளாக்கிவிடும். சட்டத்தின் கோடும் இங்கேதான் விழுகிறது. 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் அவ்வாண்டு அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் முதலில் நடைமுறைக்கு வந்தபோது, பனையேறிகளின் பிழைப்பைக் கள்ளிலிருந்து பதநீருக்கும் கருப்பட்டிக்கும் திருப்ப வேண்டிய தேவையும் சேர்ந்தே எழுந்தது. சென்னையின் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் கிறிஸ்துமஸுக்குத் திராட்சை ஒயின் போடுவது நெடுநாள் வழக்கம் என்றாலும், உரிமமின்றிச் செய்தால் அதுவும் இச்சட்டத்தின்படி குற்றமே.

காலையும் மாலையும் மரமேறிப் பாளையின் நுனியை மெல்லிய சீவலாகச் சீவி, உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டிவிட்டு இறங்கும் பனையேறிக்கு நாக்கே அளவுகோல்: சுண்ணாம்பு குறைந்தால் புளிப்பு, மிகுந்தால் காரல். சாலையோர விற்பனையாளரும் குடத்தின் வாயில் ஏறும் நுரையையும் வாடையையும் கொண்டே சரக்கின் நிலையை அறிகிறார். புளிப்பைக் கண்டுபிடிப்பதில் இந்த அறிவை விஞ்சும் மலிவான கருவி எதுவுமில்லை. ஆனால் எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு ஆல்கஹால் என்று எண்ணில் சொல்ல நாக்கால் இயலாது.

அதற்கு முதலில் வாங்கத்தக்கது ஹைட்ரோமீட்டர், அதாவது நீர்மத்தின் அடர்த்தி தண்ணீரைப்போல் எத்தனை மடங்கு என்பதைக் காட்டும் மிதவைக் கண்ணாடிக் குழல். பால்காரரின் லாக்டோமீட்டரும் பேட்டரிக் கடைக்காரர் அமிலம் சோதிக்கும் குழலும் இதே இனம்தான் எனினும், பேட்டரிக் குழலின் கோடுகள் 1.100க்கு மேலே தொடங்குவதால், பெரும்பாலும் 1.040 முதல் 1.060 வரை நிற்கும் பதநீருக்கு அது உதவாது. தெளியவிட்ட பதநீரை உயரமான அளவு ஜாடியில் ஊற்றிக் குழலை மெல்லச் சுழற்றி விட வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடியில் ஒட்டும் வாயுக் குமிழிகள் குழலைத் தூக்கிப் பிடித்து, இல்லாத சர்க்கரையை இருப்பதாகக் காட்டும். சுவரோடு மேலேறி வளையும் விளிம்பை விட்டுவிட்டு, நடுமட்டத்தைக் கண்ணுக்கு நேராக வைத்துப் படிக்க வேண்டும். பல குழல்கள் 20 பாகை செல்சியஸுக்கு அளவிடப்பட்டவை. சென்னையின் 32 பாகையில் அவை சுமார் 0.003 குறைத்துக் காட்டுவதால், வெப்பமானி இல்லாமல் ஹைட்ரோமீட்டர் மட்டும் வாங்குவது அரைகுறை வேலை. கரைந்த சுண்ணாம்பும் அளவைச் சற்றே கூட்டும்.

இரண்டு சொட்டில் ஒளி வளைவதைக்கொண்டு சர்க்கரையைச் சொல்லும் ரிஃப்ராக்டோமீட்டர் தோட்டத்தில் திராட்சையின் பக்குவம் பார்க்கச் சிறந்தது. நொதித்தல் தொடங்கியபின் அது ஏமாற்றும். ஆல்கஹால் தண்ணீரைவிட ஒளியை அதிகம் வளைப்பதால், தீர்ந்துபோன சர்க்கரையும் மிச்சமிருப்பதாகவே தெரியும். நுண்குழாயில் ஒயின் இறங்கும் அளவைப் பார்க்கும் வைனோமீட்டரோ இனிப்பு மிச்சமுள்ள எதிலும் பயனற்றது.

ஆல்கஹாலை அறியும் எளிய வழி ஒரே ஹைட்ரோமீட்டரை இருமுறை பயன்படுத்துவது: தொடக்கத்தில் 1.048, முடிவில் 1.008 என்றால், வேறுபாடாகிய 0.040ஐ 131ஆல் பெருக்கினால் கன அளவில் ஏறத்தாழ 5.2 விழுக்காடு. முதல் அளவைக் குறிக்கத் தவறினால் இக்கணக்கு இல்லை. ஆல்கஹாலுக்கென்றே விற்கும் மானியோ தண்ணீரும் ஆல்கஹாலும் மட்டும் கலந்த நீர்மத்துக்கு உரியது. பிரிட்டன் 1816இல் சட்டமாக்கிய சைக்ஸ் மானி இவ்வகையே. அதன் நூறு பாகை 57.1 விழுக்காடு என்பதால்தான், எழுபத்தைந்து பாகைக்குச் சமமான 42.8 என்னும் விசித்திர எண் இந்திய மது பாட்டில்களில் இன்றும் அச்சாகிறது. கள்ளிலோ ஒயினிலோ அதை நேரடியாக இட்டால் சர்க்கரை அதைத் தூக்கிவிடும். எனவே குறிப்பிட்ட அளவைக் காய்ச்சி வடித்து, மீண்டும் தண்ணீரால் அதே அளவுக்கு நிரப்பிய பின்னரே அளக்கிறார்கள்; அது ஆய்வுக்கூடத்துக்கே உரிய வேலை, வீட்டு அடுப்பில் செய்தால் சட்டத்தின் கண்ணில் அது சாராயம் காய்ச்சுவதுதான்.