சிங்காதனத்தின் கையெழுத்து

திருவாரூர்த் தியாகராசர் கோயிலில் தேவாசிரியன் மண்டபத்துக்குள் நுழைந்தால் கொஞ்சம் அண்ணாந்து பார்க்க வேண்டும். குரங்கு முகம் கொண்ட முசுகுந்தச் சக்கரவர்த்தி இந்திரனிடமிருந்து தியாகராசரைப் பெற்று ஆரூருக்குக் கொண்டுவந்த கதை, விதானத்தில் படம் படமாக ஓடுகிறது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிய ஓவியங்கள் இவை. காட்சிகளுக்குத் தமிழில் விளக்கமும் எழுதியிருக்கிறது. அந்த எழுத்துகளுக்கு நடுவே ஓவியர் தம் பெயரையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்: சிங்காதனம்.

கோயில் கட்டியவர்களும் படம் தீட்டியவர்களும் பெரும்பாலும் பெயர் சொல்லாமலே போன நாட்டில், ஒருவர் தம் பெயரை எழுதியிருப்பதைப் பார்த்தால் மனம் சட்டென்று இளகிவிடுகிறது. பழஞ்சுவடிகளைத் தேடி அலைகிறவர்களை அலைய வைப்பதும் இந்த இளக்கம்தான். நூல் அச்சில் கிடைக்கலாம். எழுதிய கை ஏட்டில் மட்டுமே கிடைக்கும்.

ஏட்டைப் படிப்பது லேசான காரியமில்லை. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமலே எழுதினார்கள். எகர ஏகாரத்துக்கு ஒரே கொம்பு. காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். 'கோல்' என்ற சொல் ஏட்டில் 'கெரல' என்றுதான் கண்ணுக்குத் தெரியும். அது கொல்லா, கோலா, கொலவா, கோலவா என்பதைப் பாட்டின் பொருளும் ஓசையும் சொல்ல வேண்டும். மை தடவாத ஏடு என்றால் எழுத்தே புலப்படாது. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவித் துடைத்தால், கீறலில் கரி தங்கி வரி வரியாக எழுத்து எழுந்து வரும். ஒருமுறை அதைப் பார்த்தவர் மறக்க மாட்டார்.

1855இல் பிறந்த, பாபநாசம் பக்கத்து உத்தமதானபுரத்தைச் சேர்ந்த உ.வே.சாமிநாதையருக்கு இந்த வேலை வாழ்நாள் முழுக்க இருந்தது. கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்துகொண்டே 1887இல் சீவக சிந்தாமணியையும் 1889இல் பத்துப்பாட்டையும் பதிப்பித்தார். பத்துப்பாட்டில் ஒரு சங்கடம். குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் பறித்துக் குவிக்கும் பூக்களின் பெயர்கள் வரும் இடத்தில், அவரிடமிருந்த பிரதிகளில் அடிகள் விட்டுப்போயிருந்தன. இல்லாத பூவை ஊகித்து எழுத அவருக்கு மனம் வரவில்லை. கடைசியில் மாயூரத்தை அடுத்த தருமபுரம் ஆதீனத்து ஏட்டுக் கட்டுகளில் அந்த அடிகள் அகப்பட்டன. அந்த மடத்தை நிறுவிய குருஞானசம்பந்தரின் ஆசிரியர் கமலை ஞானப்பிரகாசர். கமலை என்பது நம் திருவாரூர்தான்.

எல்லா ஏட்டுக்கும் அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. ஆடிப் பதினெட்டில் பழைய ஏடுகளை ஆற்றில் விட்டார்கள் என்று திருநெல்வேலிப் பக்கம் கேட்டுச் சாமிநாதையர் துடித்ததை அவருடைய சுயசரிதையான 'என் சரித்திர'த்தில் படிக்கலாம். பழுதானதை ஆற்றோடு அனுப்புவது புண்ணியம் என்று நம்பியவர்கள் அவர்கள், பக்தியோடுதான் விட்டார்கள். அதனாலேயே அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது கூடுதலாக வலிக்கிறது.

தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி இதற்கு நேர்மாறு. சேர்த்துச் சேர்த்து வைத்தவர். சீமையிலிருந்து வரவழைத்த புத்தகங்களில் ஆங்கிலத்தில் கையெழுத்திட்டு வைத்தார். சரசுவதி மகால் நூலகத்தில் அந்தக் கையெழுத்தோடு கூடிய புத்தகங்கள் இன்றும் இருக்கின்றன. ஆரூரில் பிறந்த இசைமேதை தியாகையரின் கீர்த்தனைகளைச் சேர்த்து வைக்கும் காரியத்தைச் சீடர்கள் செய்தார்கள். சீடர் வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் வழிச் சுவடிகள் மதுரை சௌராஷ்டிர சபைக்குப் போய்ச் சேர்ந்தன.

டெல்டாவின் பழைய வீடுகளில், பரணிலோ பூசை அலமாரியிலோ இன்னும் ஏட்டுக் கட்டுகள் கிடக்கக்கூடும். சரசுவதி பூசைக்குச் சந்தனம், குங்குமம் வைத்துத் திரும்பவும் அதே இடத்தில் வைத்துவிடுவார்கள். அடுத்த முறை எடுக்கும்போது அவசரப்படாமல் கயிற்றை அவிழ்த்துக் கடைசி ஏட்டைப் பாருங்கள். எந்த வருஷம், எந்த மாதம், யாருடைய ஏடு, எழுதி முடித்தது யார் என்று அங்கே இருக்கலாம். பிரபவ, விபவ என்று வருஷத்தின் பெயர் மட்டும் இருந்தால், அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் பெயர் அது. எந்தச் சுற்று என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். மை வேண்டாம், எண்ணெய் வேண்டாம். அப்படியே துணியில் சுற்றி, தஞ்சாவூரில் தமிழ்ப் பல்கலைக்கழகத்து ஓலைச்சுவடித் துறையிலோ சரசுவதி மகாலிலோ ஒருமுறை காட்டிவிடுங்கள். திருவாரூரிலிருந்து பஸ் ஏறினால் அரை நாள் வேலை.